எல்லாமே உடைஞ்சு போச்சா?

உங்கள் சட்டை வேலிக் கம்பியில் மாட்டிவிட்டது. 'சர்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் என்ன சொல்வீர்கள்?

"அம்மா, என்ர சேட்டு உடைஞ்சு போச்சு!"

அம்மாவுக்கு விளங்கிவிடும். ஆனால் அம்மம்மா பக்கத்தில் இருந்தால் சிரிப்பார். "சேட்டு உடையாது பிள்ளை. கோப்பைதான் உடையும். சேட்டு கிழியும்" என்று சொல்வார்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வளரும் நாங்கள் பள்ளியில் பிரெஞ்சு, விளையாட்டில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று மூன்று மொழி பேசுகிறோம். அதனால் தமிழில் ஒரு சொல் தெரிந்தால், அதையே எல்லா இடத்திலும் பாவித்துவிடுகிறோம். சட்டையும் உடைஞ்சு போச்சு, சப்பாத்து நாடாவும் உடைஞ்சு போச்சு, மாலையும் உடைஞ்சு போச்சு!

ஆனால் தமிழில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமாகப் பிரிகிறது. அதைச் சேர்க்கவும் ஒவ்வொரு சொல் இருக்கிறது. இந்தப் பாடத்தில் அந்தச் சொற்களைப் பார்ப்போம்.

1. பிரிவது பல விதம்

கோப்பை விழுந்தால் உடையும்.
துணியும் கடதாசியும் கிழியும்.
கயிறும் நூலும் அறும். பேச்சில் "அறுந்து போச்சு" என்போம்.
சப்பாத்து நாடா அவிழும்.
சைக்கிள் சில்லு கழலும். பேச்சில் "கழண்டு போச்சு" என்போம்.
மேப்பிள் மரத்து இலைகள் ஒக்டோபரில் உதிரும்.
அரிசி கொட்டினால் சிதறும்.
மிகப் பழைய துணி இற்றுப் போகும். தொட்டாலே பிரிந்து வரும். பேச்சில் "இத்துப் போச்சு" என்போம்.

இந்தச் சொற்களை இன்னொரு முறை வாசியுங்கள். இவை பொருள் பிரிந்தது என்று மட்டும் சொல்லவில்லை. எப்படிப் பிரிந்தது என்றும் சொல்கின்றன.

நாடா அவிழ்ந்தால் கவலை இல்லை. நாடா முழுதாகவே இருக்கிறது. முடிச்சு மட்டும்தான் போனது. சில்லு கழன்றாலும் அப்படித்தான். ஆனால் நாடா அறுந்தால், அது இரண்டு துண்டாகிவிட்டது. கோப்பை உடைந்தால், ஒட்டினாலும் கோடு தெரியும். இலை உதிர்ந்தால், அதை மரத்தில் திரும்ப வைக்கவே முடியாது.

"என்ர சப்பாத்து நாடா உடைஞ்சு போச்சு" என்று நீங்கள் சொன்னால், அப்பா புதிய நாடா வாங்கக் கடைக்குப் போவாரா, குனிந்து கட்டிவிடுவாரா? அவருக்குத் தெரியாது. "அவிழ்ந்து போச்சு" என்றால் கட்டுவார். "அறுந்து போச்சு" என்றால் கடைக்குப் போவார். சரியான சொல் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

2. சேர்ப்பதும் பல விதம்

இப்போது ஒரு கேள்வி. 'உடைந்தது' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன?

ஒரே ஒரு எதிர்ச்சொல் இல்லை. எப்படிப் பிரிந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்றபடி சேர்க்கும் சொல் வரும்.

உடைந்த கோப்பையை ஒட்டுகிறோம். அதற்குப் பசை வேண்டும்.
கிழிந்த சட்டையைத் தைக்கிறோம். அதற்கு ஊசியும் நூலும் வேண்டும்.
அறுந்த கயிற்றை முடிகிறோம். அதற்கு இரண்டு நுனிகள் போதும்.
அவிழ்ந்த நாடாவைக் கட்டுகிறோம்.
சிதறிய மணிகளைக் கோர்க்கிறோம்.
கழன்ற சில்லைப் பூட்டுகிறோம்.

'பூட்டு' என்றால் கதவுப் பூட்டு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத் தமிழில், ஒரு பாகத்தை அதன் இடத்தில் இறுக்கி வைப்பதையும் பூட்டுவது என்றுதான் சொல்வார்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குக் குளிர்காலச் சில்லுகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் வருடத்தில் இரண்டு தரம் உங்கள் அப்பாவோ அம்மாவோ "சில்லைக் கழட்டிப் பூட்ட வேணும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கழட்டு, பூட்டு. இரண்டும் எதிர்ச்சொற்கள்.

பூக்களைச் சேர்ப்பதற்கும் பல சொற்கள் உண்டு. ஊசியால் குத்தி நூலில் ஏற்றினால், அது மாலை கோர்ப்பது. நூலால் காம்புகளைச் சுற்றி முடிச்சுப் போட்டால், அது மாலை கட்டுவது. மாலை தொடுப்பது என்றும் சொல்வோம்.

'ஒட்டு' என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 1811 ஆம் ஆண்டளவில் ஒன்ராறியோவில் ஜோன் மக்கின்ரொஷ் என்ற விவசாயி தன் காணியில் சில அப்பிள் கன்றுகளைக் கண்டார். அவற்றில் ஒன்றின் பழம் மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். அப்பிள் விதையை நட்டால், அதே பழம் வராது. வேறு மாதிரியான பழம்தான் வரும். அப்படியென்றால் அதே பழம் தரும் இன்னொரு மரத்தை எப்படி உண்டாக்குவது?

நல்ல மரத்தின் சிறு கிளை ஒன்றை வெட்ட வேண்டும். வேர் பிடித்த வேறொரு கன்றின் தண்டையும் வெட்ட வேண்டும். வெட்டிய இரண்டு இடங்களையும் பொருத்தி, இறுக்கிக் கட்ட வேண்டும். சில வாரங்களில் இரண்டும் ஒன்றாக வளரத் தொடங்கும். இதற்குத் தமிழில் 'ஒட்டுதல்' என்று பெயர். ஒட்டு மாமரம் என்று ஊரில் சொல்வதும் இதைத்தான். இன்று நீங்கள் கடையில் வாங்கும் ஒவ்வொரு மக்கின்ரொஷ் அப்பிளும் அந்த ஒரு மரத்திலிருந்து ஒட்டி ஒட்டி வந்ததுதான்.

கோப்பையை ஒட்டினால் கோடு எப்போதும் இருக்கும். மரத்தை ஒட்டினால் அது வளரும்.

3. பலதை ஒன்றாக்கும் சொற்கள்

சில சொற்கள் பிரிந்ததைச் சேர்ப்பதற்கு அல்ல. பிரியாமல் இருக்கச் செய்வதற்கு.

மூன்று பிரிவாக முடியை எடுத்து ஒன்றாக்கினால், அது பின்னுவது. தென்னோலையைக் கிடுகாக்குவதும் பின்னுவதுதான். ஊரில் அந்தக் கிடுகால் கூரை வேய்வார்கள். ஆனால் பனையோலையால் பாய் செய்யும்போது 'இழைப்பது' என்று சொல்வார்கள். பெட்டியும் இழைப்பதுதான். "பாய் இழைக்கிறா" என்று உங்கள் அப்பம்மா சொல்லியிருக்கலாம்.

கயிறு செய்வதற்கு 'திரிப்பது' என்று பெயர். தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுப்பார்கள். ஒரு தும்பு மிக மெல்லியது. விரலால் இழுத்தாலே அறுந்துவிடும். ஆனால் பல தும்புகளைத் திரித்தால், மாட்டையும் கட்டக்கூடிய கயிறு வரும்.

அது எப்படி? இதோ ஒரு சிறிய சோதனை. வீட்டில் ஒரு கம்பளி நூல் எடுங்கள். நீளம் ஒரு கை அளவு போதும். ஒரு நுனியைத் தம்பி பிடிக்கட்டும். மற்ற நுனியை நீங்கள் ஒரே பக்கமாக முறுக்குங்கள். நன்றாக முறுக்கிய பிறகு, நூலின் நடுவில் ஒரு விரலை வைத்து இரண்டு நுனிகளையும் ஒன்றாகச் சேருங்கள். இப்போது விரலை எடுங்கள். நூல் தானாகவே எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும்!

கயிற்றின் இரகசியம் இதுதான். ஒவ்வொரு இழையும் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். எல்லா இழைகளும் சேர்ந்து மற்றப் பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். ஓர் இழை தளரப் பார்த்தால், அது மற்ற முறுக்கை இறுக்கிவிடும். இழைகள் ஒன்றையொன்று பிடித்து வைத்திருக்கின்றன. இதற்குப் பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம்.

4. ஊர் கூடித் தேர் இழுப்பது

தேரை இழுக்கும் தடித்த கயிற்றுக்கு 'வடம்' என்று பெயர். எங்கள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், சென்-ரெஜி வீதியில், திருமுருகன் கோயில் இருக்கிறது. கோடை காலத்தில் அங்கே தேர்த் திருவிழா நடக்கும். உங்களில் சிலர் அங்கே போய் வடம் பிடித்திருப்பீர்கள்.

தேர் மிகவும் பாரமானது. ஒருவர் இழுத்தால் அசையாது. பத்துப் பேர் பத்து நேரத்தில் இழுத்தாலும் அசையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். இதனால்தான் தமிழில் 'ஊர் கூடித் தேர் இழுப்பது' என்ற பேச்சு வந்தது. பெரிய வேலை ஒன்றைப் பலர் சேர்ந்து செய்யும்போது இப்படிச் சொல்வோம்.

'கூடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். கூடுவது என்றால், பலர் ஓரிடத்துக்குத் தாங்களாகவே வருவது. அதிலிருந்து எத்தனை சொற்கள் பிறந்திருக்கின்றன பாருங்கள்.

கூட்டம் - பலர் கூடியிருப்பது.
கூட்டாளி - எங்களோடு கூடியிருப்பவர், நண்பர்.
கூட்டுக்குடும்பம் - அம்மம்மா, மாமா, சித்தி எல்லோரும் ஒரே வீட்டில் வாழ்வது.
கூட்டல் - கணக்கில் எண்களைச் சேர்ப்பது.
"என்னோட கூட வா" - பேச்சில் நாங்கள் தினமும் சொல்வது.

யாரையும் கூட்டத்தில் ஒட்ட முடியாது, தைக்க முடியாது, பூட்டவும் முடியாது. மனிதர்கள் கூட வேண்டும்.

5. ஓர் எழுத்து செய்யும் வேலை

கீழே உள்ள சோடிகளைச் சத்தமாக வாசியுங்கள்.

சேர்ந்தது - சேர்த்தது
இணைந்தது - இணைத்தது
பிரிந்தது - பிரித்தது
கிழிந்தது - கிழித்தது
உடைந்தது - உடைத்தது

வித்தியாசம் தெரிகிறதா? முதல் சொல்லில் 'ந்'. இரண்டாவது சொல்லில் 'த்'. 'ந்' வந்தால், அது தானாக நடந்தது. 'த்' வந்தால், யாரோ செய்தார்கள்.

தம்பிமாருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்!

"அக்கா, உங்கட புத்தகம் கிழிஞ்சு போச்சு."
"கிழியேல்லை. நீதான் கிழிச்சனீ!"

பேச்சில் 'ந்' என்பது 'ஞ்' ஆகவும், 'த்' என்பது 'ச்' ஆகவும் மாறியிருக்கிறது. கிழிஞ்சது, கிழிச்சது. ஆனால் பொருள் அதேதான்.

இந்த ஓர் எழுத்தை வைத்து எங்கள் நகரத்தின் கதையையே சொல்லலாம்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முன்பு தனி நகரமாக இருந்தது. பிறகு கியூபெக் அரசு ஒரு சட்டம் செய்தது. மொன்றியல் தீவில் இருந்த எல்லா நகரங்களும் ஒரே நகரமாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2002 ஜனவரி 1 அன்று எங்கள் நகரமும் மொன்றியலின் ஒரு பகுதி ஆனது. அது தானாக இணைந்ததா, அல்லது அதை இணைத்தார்களா? சட்டத்தால் இணைத்தார்கள். எனவே 'த்'.

இங்கு வாழ்ந்தவர்களில் பலர் அதை விரும்பவில்லை. 2004 ஜூன் 20 அன்று வாக்கெடுப்பு நடந்தது. பிரிய வேண்டும் என்று மக்கள் வாக்களித்தார்கள். 2006 ஜனவரி 1 அன்று டொலார்ட்-டெஸ்-ஓர்மோ மீண்டும் தனி நகரமானது. தீவில் மொத்தம் 15 நகரங்கள் இப்படிப் பிரிந்தன. இது மக்களே செய்த முடிவு. எனவே 'பிரிந்தன', 'ந்'. பக்கத்தில் இருக்கும் ரொக்ஸ்போரோ பிரியவில்லை. அது இன்றும் மொன்றியலோடுதான் இருக்கிறது.

ஆனால் பிரிந்த நகரங்கள் முழுதாகப் பிரிந்துவிடவில்லை. தீப்பிடித்தால் வரும் தீயணைப்புப் படை தீவு முழுவதற்கும் ஒன்றுதான். பொலிஸும் ஒன்றுதான். பஸ்ஸும் அப்படித்தான். நூலகமும் பூங்காவும் எங்கள் நகரத்தின் பொறுப்பு. ஒட்டாமல், ஆனால் ஒரே நூலில் கோர்த்த மணிகள் போல இருக்கிறோம் என்று சொல்லலாம்.

6. சிதறியதைத் தொகுத்தவர்

இனி இந்தப் பாடத்தின் மிக முக்கியமான சொல். அது 'தொகு'.

அந்தக் காலத்தில் தமிழ்ப் பாடல்களைப் பனையோலையில் எழுதினார்கள். எழுத்தாணி என்ற கூரான கருவியால் ஓலையில் கீறி எழுதுவார்கள். ஓலைகளில் துளையிட்டு நூலைக் கோர்ப்பார்கள். மேலும் கீழும் ஒரு பலகை வைத்துக் கட்டுவார்கள். இதுதான் ஓலைச்சுவடி. கோர், கட்டு. நாங்கள் மேலே படித்த சொற்கள்!

ஆனால் ஓலை என்றைக்கும் இருக்காது. பூச்சி அரிக்கும். ஈரம் பிடிக்கும். கடைசியில் இற்றுப் போகும். அதற்கு முன் யாராவது புதிய ஓலையில் பார்த்து எழுதி வைக்க வேண்டும். யாரும் எழுதாவிட்டால், அந்தப் பாடல் போய்விடும். அப்படிப் போன நூல்கள் பல.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1832 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் சிறுப்பிட்டி என்ற ஊரில் பிறந்தார். பிறகு தமிழ்நாட்டுக்குப் போனார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் அவரும் ஒருவர். அவருக்கு நல்ல வேலை இருந்தது. ஆனால் பழைய சுவடிகள் அழிவதைப் பார்த்து அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஏடுகள் கையில் எடுக்கும்போதே நொறுங்கும் நிலையில் இருந்ததை அவர் மிகுந்த வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

அவர் என்ன செய்தார்? ஒரே நூலின் சுவடிகளைப் பல இடங்களிலிருந்து தேடி எடுத்தார். ஒரு சுவடியில் ஒரு வரி அழிந்திருக்கும். இன்னொரு சுவடியில் அந்த வரி இருக்கும். ஒரு சுவடியில் ஓர் எழுத்துப் பிழையாக இருக்கும். இன்னொன்றில் சரியாக இருக்கும். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரியான வடிவத்தைக் கண்டுபிடித்து, கடதாசியில் அச்சடித்தார். 1887 ஆம் ஆண்டில் கலித்தொகை என்ற மிகப் பழைய நூலை இப்படித்தான் அச்சிட்டார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணி என்ற நூலை அச்சிட்டார். இன்று அந்த நூல்களை நாங்கள் வாசிக்கிறோம் என்றால், இவர்களைப் போன்றவர்கள் செய்த வேலைதான் காரணம்.

கலித்தொகை என்ற பெயரில் 'தொகை' இருக்கிறது அல்லவா? அது 'தொகு' என்ற சொல்லிலிருந்து வந்தது. தொகுப்பது என்றால், பல இடங்களில் இருப்பதைத் தேடி எடுத்து, ஒழுங்காக ஒன்று சேர்ப்பது. 'சிதறு' என்பதற்கு நல்ல எதிர்ச்சொல் இது. இந்தச் சொல் பழையது, ஆனால் கிழவனாகவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தைத் திருத்தி எழுத அழுத்தும் இடத்தில் 'தொகு' என்றுதான் இருக்கும்.

7. எங்கள் கையில் இருக்கும் நூல்

சிதறுவது பொருட்கள் மட்டும் அல்ல. இலங்கையில் போர் நடந்தபோது, 1983 ஆம் ஆண்டுக்குப் பிறகு, மிகப் பலர் ஊரை விட்டு வந்தார்கள். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் லண்டனில், தங்கை பாரிசில், தம்பி ரொறன்ரோவில், அக்கா மொன்றியலில் என்று ஆனது. உங்கள் குடும்பத்திலும் அப்படி இருக்கலாம்.

அவர்களை ஒரே ஊரில் ஒட்டி வைக்க முடியாது. ஆனால் கோர்க்கலாம். கோர்த்த மணி ஒவ்வொன்றும் தனி மணிதான், நூல்தான் ஒன்று. லண்டனில் இருக்கும் மச்சாளுக்குப் பிரெஞ்சு தெரியாது. பாரிசில் இருக்கும் மச்சானுக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஊரில் இருக்கும் அப்பம்மாவுக்கு இரண்டும் தெரியாது. மூன்று பேரோடும் பேச உங்களிடம் இருக்கும் ஒரே நூல் தமிழ்.

நூலும் இற்றுப் போகும். ஓலையில் எழுதியதை யாரும் திரும்ப எழுதாவிட்டால் அழிந்தது போல, ஒரு சொல்லை வீட்டில் யாரும் சொல்லாவிட்டால், அது அந்த வீட்டிலிருந்து உதிர்ந்துவிடும். 'இழைப்பது' என்ற சொல்லை அம்மம்மா சொன்னா, அம்மா கேட்டா. நீங்கள் ஒரு தரமாவது சொன்னால், அது உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை சட்டை கிழிந்தால், "அம்மா, சேட்டு கிழிஞ்சு போச்சு, தைச்சுத் தாங்கோ" என்று சொல்லுங்கள். சட்டையும் சரியாகும், சொல்லும் மிஞ்சும்.

பயிற்சி

அ. பொருத்தமான சொல்லை எழுதுங்கள்: தை, ஒட்டு, கட்டு, பூட்டு, கோர், தொகு.
1. சைக்கிள் சில்லு கழன்றுவிட்டது. அப்பா அதைப் ______ .
2. நாடா அவிழ்ந்துவிட்டது. நான் அதைக் ______ .
3. மணிகள் சிதறிவிட்டன. அக்கா அவற்றைக் ______ .
4. கோப்பையின் பிடி உடைந்துவிட்டது. மாமா அதை ______ .
5. பழைய படங்கள் பல வீடுகளில் இருக்கின்றன. சித்தி அவற்றைத் ______ .
6. காற்சட்டை கிழிந்துவிட்டது. அம்மம்மா அதைத் ______ .

ஆ. 'ந்' வருமா, 'த்' வருமா? சரியான சொல்லைத் தெரிவு செய்யுங்கள்.
1. காற்றில் கிளை தானாக (உடைந்தது / உடைத்தது).
2. ஆசிரியர் எங்களை இரண்டு குழுவாகப் (பிரிந்தார் / பிரித்தார்).
3. புதிய மாணவி எங்கள் வகுப்பில் (சேர்ந்தாள் / சேர்த்தாள்).

இ. கேட்டு வாருங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரிடம், அல்லது தொலைபேசியில் அப்பம்மா, அம்மம்மா, தாத்தாவிடம் கேளுங்கள்: "ஊரில நீங்கள் என்ன பின்னினீங்கள்? என்ன இழைச்சீங்கள்? என்ன திரிச்சீங்கள்?" அவர்கள் சொல்லும் ஒரு புதிய சொல்லை எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எல்லோருடைய சொற்களையும் சேர்த்து, எங்கள் வகுப்பின் சொல் தொகுப்பு ஒன்று செய்வோம்.